பதினோராம் பக்கம்

ஷார்ஜாவில் ஆகஸ்ட்.
வேறெங்கும் போக முடியாத மாதம்,
நூலகத்துக்குப் போனோம்.
சரிவுப்பாதையை அடைத்துக்கொண்டு
எவனோ லேண்ட் குரூஸரை நிறுத்தியிருந்தான்.
இருபது நிமிடம்.
அடித்துக் கூப்பிட எங்கள் வண்டியில் ஹாரன் கிடையாது.
துப்பட்டாவை நனைத்து
மர்ஜானாவின் தலையில் போட்டேன்,
அது காய்ந்ததும் மறுபடி நனைத்தேன்.

உள்ளே குளிர்.
படப்புத்தகங்கள் அவள் கைக்கு எட்டும் உயரத்தில்.
அதை அப்படி அடுக்கச் சொன்னவர் யாரோ,
நல்லா இருக்கட்டும்.

ஆறு எடுத்துவந்தோம்.
நான்கில் யாருக்கும் ஒன்றும் இல்லை,
நாய்க்குட்டிக்குக்கூட ஒரு காயமில்லை.
ஐந்தாவதில் கப்பல் கொள்ளைக்காரன்,
ஒரு காலுக்குக் கட்டை, ஒரு கண்ணுக்குத் துணி.
"கெட்டவங்களுக்குத்தான் காலு போகுமா உம்மா?"
அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
நான்காம் கழுவலிலும் தண்ணீர் வெள்ளையாகவே வந்தது.

ஆறாவதில் ஒருத்தி, சக்கர நாற்காலியில்.
ஊதா கவுன், இரட்டைச் சடை,
பக்கத்துக்குப் பக்கம் அச்சு மாறாத சிரிப்பு.
மற்றவர்கள் ஓடினால் மரத்தடியில் சிரிக்கிறாள்,
குளத்தில் குதித்தால் கரையில் சிரிக்கிறாள்.
அவளுக்குப் பெயரில்லை.
அந்தப் புத்தகத்தில் வாத்துக்குப் பெயர் இருந்தது.
கடைசியில் எல்லோரும் சேர்ந்து கைதட்டுகிறார்கள் அவளுக்கு,
எதற்கென்று எழுதவில்லை.

மர்ஜானா கடைசிப் பக்கம் வரை வரவே இல்லை.
பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.
புல்மேடு, பட்டங்கள்,
மேட்டின் உச்சியில் அந்த நாற்காலி.
"பிரேக் எங்கே?"
பார்த்தேன். இல்லை.
"பொறகு எப்படி உருளாம நிக்கிறா?"

ராத்திரி பதினொன்றுக்கு வாப்பா வந்தார்,
இண்டஸ்ட்ரியல் ஏரியா டயர் கடையிலிருந்து,
முழங்கை வரை கறுப்பு.
புத்தகத்தைத் தொடாமல்
கைகளைப் பின்னால் கட்டிக் குனிந்தார்.
"முன்னாலே சின்ன வீல் ரெண்டும் இல்லியே.
இது நேராப் போவும், திரும்பாது."
"மேட்டுக்கு எப்படி வாப்பா ஏறிச்சு?"
"வரைஞ்சவங்க தூக்கி வச்சிருப்பாங்க."
சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார்.
குழாய் வெகுநேரம் ஓடியது.

காலையில்
நீல பால்பாயிண்ட்டின் மூடி கட்டிலடியில் கிடந்தது.
நாற்காலிக்கு இரண்டு பக்கமும் பிரேக்.
முன்சக்கரங்கள்.
இடுப்புக்குப் பெல்ட், கணுக்காலுக்கு வெல்க்ரோ,
இடது பட்டை நைந்துபோய், எங்களுடையதைப் போலவே.
சிரிப்பை அடித்துவிட்டு
பல்லைக் கடிக்கும் வாய்.
இறங்கப் போகிறாளாம்.
சடைக்கு மேலே பெயர்: ரீம்.
பிசியோதெரபி மேசையில்
டாக்டரின் கையைக் கடித்தாளே, அந்த ரீம்.

திட்டினேன்.
திட்ட வேண்டிய அளவுக்குத் திட்டினேன்.

நூலகத்தில் அந்தப் பெண்மணி
ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.
பதினொன்றில் விரல் சற்று நின்றது.
நாற்பது திர்ஹம் என்றாள்.
ஒரு ஜோடி வெல்க்ரோ பட்டையின் விலை.
அரபியில் சேதம் என்று சிவப்பு முத்திரை குத்தி
தள்ளுவண்டியில் போட்டாள்.
குப்பைக்கா அடுக்குக்கா என்று
கேட்க வெட்கமாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் காற்று மாறியது.
சரிவுப்பாதை காலியாக இருந்தது, அதிசயம்.
மர்ஜானா நேராக அந்த அடுக்குக்குப் போனாள்.
இருந்தது.
பதினோராம் பக்கத்தில் முத்திரை, நீல பிரேக், ரீம்.
அதோடு
பென்சிலில், வேறு யாருடைய கையோ,
நாற்காலியின் பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது.
பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு
குபூஸ் பொட்டலம், ஒரு கட்டு மல்லித்தழை,
பாதி தெரியும் லபன் பாட்டில்.

எந்தத் தெருவோ, எந்த மாடியோ.
பிடியில் பை மாட்டத் தெரிந்தவர் ஒருவர்
இந்த ஊரில் இருக்கிறார்.

நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் நாற்காலியைப் பார்த்தாள்.
"இவ்வளவு மாட்டுனா பின்னாலே சாஞ்சிரும் உம்மா.
அடியிலே கம்பி வேணும்."
பேனா கேட்டாள்.

பர்ஸைத் திறந்து
எவ்வளவு இருக்கிறதென்று பார்த்தேன்.